பூமி அசைந்தாலும் பொறுமை அசையலாகாது

அய்யா துணை



அய்யா வைகுண்டர் தம் மக்களுக்கு விட்டுச்சென்ற செல்வங்களில் தலையாயது பொறுமை. தம்மைப் பிடித்துக் கட்டிக்கொண்டு போகச் சேவகர்கள் வந்தபோது, எதிர்த்து நிற்கத் துணிந்த அன்பர்களை அவர் அமர்த்தினார், பொறுத்திருங்கள் என்றார். சிங்காரத்தோப்புச் சிறையிலும், புலிக்கூட்டுக்குள்ளும் அவர் மனம் கலங்கவில்லை என்பதைத் தலைமுறை தலைமுறையாக அன்பர்கள் சொல்லி வருகிறார்கள். இன்றும் எந்த நிழல் தாங்கலுக்குப் போனாலும், மனக்கஷ்டத்தோடு வந்து நிற்பவர் நெற்றியில் நாமம் இட்டுவிட்டுப் பெரியவர்கள் சொல்லுகிற வார்த்தை, "பொறுமையாய் இரு மக்கா" என்பதுதான்.

ஆனால் பொறுமை என்ற சொல்லைத் தவறாகப் பிடித்துக்கொள்கிறவர்களும் உண்டு. ஒருவர், "எல்லாம் அய்யா பார்த்துக்கொள்வார்" என்று சொல்லிக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். அது சோம்பல். இன்னொருவர், எங்கோ ஒரு நாட்டில் பூமி நடுங்கியது என்று கேட்டவுடன், "கலி முடியப்போகிறது, இன்றைக்கு ராத்திரி இங்கேயும் வரும்" என்று கைப்பேசியில் தெருவெல்லாம் அனுப்பிக் குழந்தைகளைத் தூங்கவிடாமல் செய்கிறார். அது பயம். சோம்பலும் பொறுமை இல்லை, பயமும் பொறுமை இல்லை. அப்படியானால் பொறுமை எது?

இதற்கு விடை தேட, காலடி மண்ணே நிலையில்லாத ஒரு தேசத்தைப் பார்ப்பது நல்லது. அந்தத் தேசம் ஜப்பான்.

அசையும் மண்ணில் அன்றாட வாழ்வு

பூமியின் மேலோடு ஒரே பாறையாக இல்லை. பெரிய பெரிய தட்டுகளாகப் பிரிந்து, மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறது. அப்படிப்பட்ட நான்கு தட்டுகள் முட்டிக்கொள்ளும் இடத்தில் ஜப்பான் இருக்கிறது. பசிபிக் பெருங்கடலின் அடித்தட்டு ஆண்டுக்குச் சுமார் 8 சென்டிமீட்டர் நகர்ந்து அந்த நாட்டுக்கு அடியில் புகுகிறது. புகும்போது விளிம்பு சிக்கிக்கொள்கிறது. சிக்கிய விளிம்பு வில்லைப்போல வளைந்துகொண்டே வருகிறது. ஒருநாள் பொறுக்கமாட்டாமல் விடுபடுகிறது. அந்த உதறல்தான் நிலநடுக்கம். உலகத்தில் உண்டாகும் பெரிய நிலநடுக்கங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அந்தச் சிறிய நாட்டிலும் அதைச் சுற்றிய கடலிலும் உண்டாகின்றன. உடம்புக்குத் தெரிகிற அசைவு, அந்த நாட்டில் ஏதாவது ஓரிடத்தில் அநேகமாக நாள்தோறும் உண்டு.

அப்படியிருந்தும் அங்கே தாய்மார் காலையில் சோறு வடிக்கிறார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். ரயில் நேரத்துக்கு ஓடுகிறது. அவர்களுக்குப் பயமே இல்லையா என்றால், உண்டு. எந்த மனிதனுக்கும் உண்டு. பயம் வந்தாலும் கை என்ன செய்ய வேண்டும் என்பது அந்தக் கைக்குத் தெரிந்திருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த அறிவு பெரிய விலை கொடுத்து வந்தது. 1923 செப்டம்பர் 1 அன்று, மத்தியானம் 12 மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் தோக்கியோ பகுதி அதிர்ந்தது. வீடுதோறும் அடுப்பில் சமையல் நடந்துகொண்டிருந்த நேரம். மர வீடுகள் சரிந்து அடுப்பின்மேல் விழுந்தன, காற்றும் சேர்ந்துகொண்டது. மாண்டவர்கள் சுமார் 1,05,000 பேர். அவர்களில் பெரும்பாலானோரைக் கொன்றது நெருப்புதான். அந்தத் துயரநாளை அந்த மக்கள் அழுதுவிட்டு மறந்துவிடவில்லை. 1960 முதல் செப்டம்பர் 1 பேரிடர் தடுப்பு நாளாக வைக்கப்பட்டிருக்கிறது. அன்று பிரதமர் முதல் பள்ளிப் பிள்ளைகள் வரை ஒத்திகை செய்கிறார்கள்.

அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது நீண்ட பாடம் இல்லை. நிலம் ஆடினால் மேசைக்கு அடியில் போ, மேசைக்காலைப் பிடித்துக்கொள், தலையைக் காப்பாற்று. வெளியேறும்போது தள்ளாதே, ஓடாதே, பேசாதே, எடுக்க மறந்த பொருளுக்காகத் திரும்பிப் போகாதே. இவ்வளவுதான். வீட்டிலே அலமாரியைச் சுவரோடு இறுக்கிவைக்கிறார்கள். கனத்த பாத்திரத்தைக் கீழ்த்தட்டில் வைக்கிறார்கள். குடிதண்ணீர், உலர்ந்த உணவு, மருந்து, டார்ச் விளக்கு, சிறு ரேடியோ இவற்றை ஒரு பையில் போட்டு எடுக்க வசதியான இடத்தில் வைத்திருக்கிறார்கள். ஆட்டம் நின்றதும் அடுப்பை அணைத்துக் கதவைத் திறந்துவைக்கிறார்கள். நிலை கோணிக்கொண்டால் கதவு திறக்காது என்று தெரியும். ஒருவரை ஒருவர் காணாமல் போனால் எந்த இடத்தில் சந்திப்பது என்றும் முன்னாலேயே பேசி வைத்திருக்கிறார்கள்.

பழக்கமே தவசு

அய்யாவின் மக்கள் இதைக் கேட்டு அதிசயிக்க வேண்டியதில்லை. துவையல் தவசை எண்ணிப் பாருங்கள். எழுநூறு குடும்பங்கள் கடற்கரையில் கூடின. முப்பொழுதும் குளித்து, உடுத்த துணியைத் துவைத்து, ஒரு நேரம் பச்சரிசியும் சிறுபயறும் வைத்து உண்டு, நாள் தவறாமல் ஒரே ஒழுங்கில் இருந்தன. அடிமைப்பட்டு, அடிபட்டு, எப்போது யார் வந்து என்ன செய்வார்களோ என்று நடுங்கிக்கொண்டிருந்த மக்கள் அவர்கள். அய்யா அவர்களைப் பார்த்துப் "பயப்படாதே" என்று சொல்லிவிட்டு விட்டுவிடவில்லை. குளி, துவை, அளவாய் உண், கூடி இரு என்று கைக்கும் காலுக்கும் வேலை கொடுத்தார். அந்த ஒழுங்கு உடம்பில் ஏற ஏற நடுக்கம் மனத்தைவிட்டு இறங்கியது.

ஆக, பொறுமை என்பது ஆபத்து வருகிற நிமிடத்தில் வானத்திலிருந்து இறங்குவதில்லை. ஆபத்து இல்லாத நாளில் பழகிப் பழகிச் சேர்த்துவைப்பது. நெல்லை அறுவடைக் காலத்தில் சேர்க்கிறோமே தவிர, பசிக்கிற நேரத்தில் விதைப்பதில்லை அல்லவா?

2011 மார்ச் 11 அன்று பிற்பகல் 2 மணி 46 நிமிடத்துக்கு ஜப்பானின் வடகிழக்குக் கடலில் 9 என்ற அளவில் பெரும் நிலநடுக்கம் உண்டாகி, ஆழிப்பேரலை எழுந்தது. கமாயிஷி என்ற நகரத்தில், கடலுக்குப் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியும் ஒரு தொடக்கப் பள்ளியும் அடுத்தடுத்து இருந்தன. ஆட்டம் நின்றதும் நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் மேட்டை நோக்கிப் புறப்பட்டார்கள். அதைப் பார்த்துத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளும் வெளியே வந்தார்கள். பெரியவர்கள் சிறியவர்களின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். முதலில் குறித்திருந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, பக்கத்துச் சரிவு இடிந்திருப்பது தெரிந்தது. இது போதாது என்று இன்னும் மேலே போனார்கள். அங்கேயும் நிற்காமல் இன்னும் மேலே போனார்கள். அவர்கள் படித்த இரண்டு பள்ளிகளையும் அலை மூடியது. கைபிடித்து ஏறிய பிள்ளைகள் பிழைத்தார்கள்.

அந்தப் பிள்ளைகளுக்கு முன்னரே ஒன்று சொல்லிக்கொடுக்கப்பட்டிருந்தது: வரைபடத்தில் இவ்வளவு தூரம்தான் தண்ணீர் வரும் என்று போட்டிருந்தால் அதை முழுதும் நம்பிவிடாதே, உன்னால் முடிந்ததைக் கடைசிவரை செய். இதிலே அய்யாவின் மக்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது. பொறுமைசாலிக்குக் கர்வம் ஆகாது. அதே நாளில், உயரமான கடற்சுவர் இருக்கிறதே என்று நம்பி நின்ற ஊர்களில் சுவரையும் தாண்டி அலை வந்தது. மாண்டவர்களும் காணாமற்போனவர்களுமாக 18,000 பேருக்கு மேல். பழக்கம் வேண்டும், தாழ்மையும் வேண்டும்.

பக்கத்து வீட்டாரே முதல் துணை

1995 ஜனவரி 17 அதிகாலை 5 மணி 46 நிமிடத்துக்குக் கோபே நகரம் குலுங்கியது. இறந்தவர்கள் 6,434 பேர். இடிந்த வீடுகளுக்கு அடியில் உயிரோடு சிக்கியிருந்தவர்களில் மிகப் பெரும்பாலோரை வெளியே எடுத்தது அரசாங்கப் படை அல்ல. வீட்டு மனிதர்களும் அக்கம்பக்கத்தாரும்தான். பாட்டி எந்த அறையில் படுத்திருப்பார் என்பது பக்கத்து வீட்டுக்காரருக்குத்தானே தெரியும்? இருட்டில், கடப்பாரையும் ஜாக்கியும் எடுத்துக்கொண்டு தோண்டினார்கள். தெருவில் யாரோடும் பேசாமல் கதவைச் சாத்திக்கொண்டு வாழ்கிறவனை அந்த நேரத்தில் எங்கே தேடுவது?

சமபந்தியாய் உட்கார்ந்து அன்னம் உண்ணச் சொன்னதும், சாதி பாராமல் ஒரே கிணற்றில் குளிக்கச் சொன்னதும் வெறும் சடங்குக்காகவா? கூடி உண்டவன் முகத்தை மறக்க முடியாது. ஆபத்து நேரத்தில் அந்த முகம் தேடிவரும்.

அய்யா வைகுண்டம் போன மூன்று ஆண்டுகளில், 1854 டிசம்பரில், ஜப்பானின் ஹிரோ என்ற கடலோரக் கிராமத்தில் நடந்தது இது. 23ஆம் தேதி பூமி ஆடியது. மக்கள் மேட்டிலிருந்த கோயிலுக்கு ஏறி, ஒன்றும் பெரிதாக வரவில்லை என்று திரும்பி இறங்கினார்கள். மறுநாள் மாலை முன்னையிலும் பலமாக ஆடியது. கடல் பொங்கி வந்தது. பொழுது இருட்டிவிட்டது. சிதறி ஓடியவர்களுக்கு மேட்டுக்குப் போகும் வழி தெரியவில்லை. ஹமாகுச்சி கொரியோ என்ற வியாபாரி, வயலோரம் இருந்த வைக்கோல் போர்களுக்குத் தீ வைக்கச் செய்தார். அந்த வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு ஜனங்கள் கோயில் மேட்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.

அதோடு கதை முடிந்திருந்தால் அவர் ஒரு புத்திசாலி என்று மட்டும் சொல்லியிருப்பார்கள். விடிந்து பார்த்தால் வீடும் இல்லை, படகும் இல்லை, வயலெல்லாம் உப்பு. இனி இங்கே இருந்து என்ன பயன் என்று குடும்பங்கள் ஊரைவிட்டுப் போகத் தலைப்பட்டன. கொரியோ அக்கம்பக்கத்தில் அரிசி கடன் கேட்டு வாங்கிக் கஞ்சி ஊற்றினார். குடிசை கட்டிக்கொடுத்தார். உழுகிறவனுக்குக் கருவியும், மீன் பிடிக்கிறவனுக்கு அதற்குத் தேவையானதும் கொடுத்தார். பிறகு தம் சொந்தப் பணத்தில் கடலோரம் ஒரு மண் கரை எழுப்பத் தொடங்கினார். சுமார் 5 மீட்டர் உயரம், 600 மீட்டர் நீளம். வெளியூர் ஆட்களைக் கூப்பிடாமல், வாழ்வு இழந்த அந்த ஊராருக்கே வேலையும் கூலியும் கொடுத்தார். ஆணும் பெண்ணும் நான்கு ஆண்டுகள் மண் சுமந்தார்கள். கரையும் எழுந்தது, ஊரும் கலையாமல் நின்றது.

92 ஆண்டுகள் கழித்து, 1946 டிசம்பரில், மறுபடியும் அலை வந்தது. கொரியோ அப்போது இல்லை. மண் சுமந்தவர்களும் இல்லை. கரை இருந்தது. ஊரின் பெரும்பகுதி காக்கப்பட்டது. இன்றும் ஆண்டுதோறும் பள்ளிப் பிள்ளைகள் அந்தக் கரையில் மண் கொண்டுபோய் இடுகிறார்கள். அந்தப் பழைய ஜப்பானிய நாட்காட்டிப்படி அலை வந்த நவம்பர் 5ஆம் தேதியைத்தான், ஐக்கிய நாடுகள் சபை 2015இல் உலக ஆழிப்பேரலை விழிப்புணர்வு நாளாக அறிவித்தது.

தர்மம் என்று அய்யா சொன்னதற்கு இதைவிடத் தெளிவான உரை வேண்டுமா? பசித்தவனுக்கு அன்னம், கலங்கியவனுக்கு வேலை, பிறக்கப்போகிற பிள்ளைக்குப் பாதுகாப்பு. துயரத்துக்கு நடுவே மறுபடி வாழத் தொடங்குவதும் பொறுமைதான். சொல்லப்போனால், அதுவே பெரிய பொறுமை.

முன்னேற்பாடு நம்பிக்கைக் குறைவா?

இங்கே சில அன்பர்கள் ஒரு கேள்வி கேட்பதுண்டு. "அய்யா இருக்கும்போது பையும் ஒத்திகையும் எதற்கு? அது நம்பிக்கைக் குறைவு அல்லவா?"

கேட்கிறவர், இரவில் பதியை விட்டுப் போகும்போது கதவைப் பூட்டித்தானே போகிறார்? விளக்கை ஏற்றிவிட்டுக் காற்றுக்கு மறைப்பு வைக்கிறாரே, அது நம்பிக்கைக் குறைவா? கருவறையிலே அய்யா கண்ணாடி வைத்திருப்பதன் பொருள் என்ன? நாமம் தரித்து அதன்முன் நிற்கிறவன் தன் உருவத்தையே பார்க்கிறான். ஈசன் உனக்குள்ளும் இருக்கிறான் என்பதே அதன் பாடம். அப்படியென்றால் அய்யா காப்பாற்றுகிற கை யாருடைய கை? பக்கத்து வீட்டுப் பாட்டியைத் தூக்கிவர உன் கையை அனுப்புகிறார். எச்சரித்துச் சொல்ல உன் வாயை அனுப்புகிறார். அந்தக் கையையும் வாயையும் கட்டிவைத்துவிட்டு, "அய்யா வரவில்லையே" என்று கேட்டால் நியாயமா?

இன்னொரு பேச்சும் உண்டு. எங்காவது பேரழிவு நடந்தால், "அவர்கள் செய்த பாவம், கலியின் தண்டனை" என்று தீர்ப்புச் சொல்வது. அய்யாவின் மக்கள் வாயிலிருந்து இந்த வார்த்தை வரலாகாது. கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்த கைக்குழந்தை என்ன பாவம் செய்தது? தட்டு நகர்ந்தது, நிலம் ஆடியது. கலி என்பது மனிதன் மனத்துக்குள் இருக்கும் பேராசையும் வஞ்சகமும். மணலையும் உப்புத்தண்ணீரையும் போட்டுக் கம்பியைக் குறைத்துக் கட்டிடம் கட்டி விற்கிறானே, அவன் மனத்தில் கலி இருக்கிறது. அந்தக் கட்டிடம் இடிந்து செத்தவன்மேல் பழி சொல்வது, செத்தவனை மறுபடி கொல்வதற்குச் சமம்.

இந்தக் கரைக்கும் அந்தப் பாடம்

குமரிக் கரைக்கு இது தூரத்துக் கதை இல்லை. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. இந்தோனேசியாவின் சுமத்ரா தீவுக்கு அருகே விடியற்காலையில், இந்திய நேரப்படி ஆறரை மணிக்கு முன்பாகக் கடலடி நிலம் பிளந்தது. அலை குளச்சலுக்கும் கொட்டில்பாட்டுக்கும் மணக்குடிக்கும் வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அந்த இரண்டு மணி நேரமும் கரையில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. மணக்குடிப் பாலத்தை அலை பெயர்த்துக்கொண்டு போனது. மாவட்டத்தில் நூற்றுக்கணக்கான உயிர்கள் போயின. அன்று இந்தியப் பெருங்கடலுக்கு எச்சரிக்கை ஏற்பாடே இல்லை. 2007 முதல் ஹைதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் இயங்குகிறது.

அதே நாளில், சுமத்ராவுக்கு அருகிலுள்ள சிமலூ என்ற தீவில் நடந்ததையும் கேளுங்கள். நிலம் பிளந்த இடத்துக்கு மிக அருகில் இருந்தது அந்தத் தீவு. சில நிமிடங்களிலேயே அலை வந்துவிட்டது. எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வாழ்ந்த தீவில் அலைக்கு இரையானவர்கள் ஏழு பேர் என்பது பதிவு. காரணம் எந்த இயந்திரமும் இல்லை. 1907இல் அங்கே ஒரு பேரலை வந்து பலரைக் கொண்டுபோனது. அதற்குப்பின் பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு சொல்லைப் பாட்டாகவும் கதையாகவும் சொல்லிவந்தார்கள். "ஸ்மோங்" என்பது அந்தச் சொல். நிலம் பலமாக ஆடி, கடல் உள்வாங்கினால், ஸ்மோங் வருகிறது, மலைக்கு ஓடு. ஏறக்குறைய நூறு ஆண்டுகள் அந்தச் சொல்லைக் கீழே போடாமல் கைமாற்றிக் கொடுத்தார்கள். ஒருநாள் அது தீவையே காப்பாற்றியது.

ஏட்டை நாள்தோறும் படித்துச் சொல்லிச் சொல்லி நினைவில் வைத்திருக்கும் மக்களுக்கு இதன் அருமை தெரியும். சொல்லிக்கொண்டே இருக்கிற சொல்தான் தேவையான நேரத்தில் கைகொடுக்கும்.

ஆகவே அன்பர்களே, ஞாயிற்றுக்கிழமை உச்சிப்படிப்பு முடிந்து அன்னம் பரிமாறுவதற்கு முன் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். கடலோரப் பதிகளிலும் தாங்கல்களிலும் இது அவசியம். கடல் திடீரென்று உள்வாங்கினால் வேடிக்கை பார்க்க இறங்கக்கூடாது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். மேட்டுக்குப் போகும் வழி எது, அந்த வழியில் வண்டிகளை நிறுத்தி அடைத்திருக்கிறார்களா என்று நடந்து பாருங்கள். நடக்கமுடியாத பெரியவர்கள் எந்தெந்த வீட்டில் இருக்கிறார்கள், அவர்களைத் தூக்கப்போவது யார் என்று பெயர் சொல்லிக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் அலை போய்விட்டது என்று உடனே இறங்கக்கூடாது, அடுத்த அலை பெரிதாக இருக்கலாம் என்று சொல்லுங்கள். அரசாங்கம் சொல்லாத செய்தியைக் கைப்பேசியில் பரப்பாதீர்கள். வேலைக்காகவோ படிப்புக்காகவோ நிலநடுக்கமுள்ள நாட்டுக்குப் போகிற பிள்ளைக்குத் திருமண் பொட்டலம் கொடுத்தனுப்பும்போது, மேசைக்கு அடியில் போகவேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லி அனுப்புங்கள்.

பேரிடர் வந்து போன பின்பு தாங்கல் கதவு முதலில் திறக்கட்டும். வந்தவர் யார், எந்த மதம், எந்தச் சாதி என்று கேளாமல் அடுப்பு எரியட்டும். மறுநாள் காலையில் வழக்கம்போல விளக்கு ஏற்றி, வழக்கம்போலப் பணிவிடை நடக்கட்டும். பிழைத்தவர்கள் வந்து உட்கார ஓர் இடமும், அழுது முடித்தபின் செய்ய ஒரு வேலையும் அங்கே இருக்கட்டும்.

நிலம் அசைவது நிலத்தின் இயல்பு. அதை நிறுத்த யாராலும் முடியாது. முன்பே பழகி, தாழ்மையாய் இருந்து, பக்கத்தில் இருப்பவனைக் கைப்பிடித்து, விடிந்ததும் மறுபடி வேலையைத் தொடங்குகிற மனத்தை எந்த அசைவும் சாய்க்காது. அய்யா தந்த பொறுமை அதுவே. அதைப் பழகுவோர்க்கு என்றும் நன்மை உண்டாகும்.

அய்யா உண்டு!